பெயரைக் கிழித்த நடுவர்

போன வாரம் ஒரு பெண்ணின் பெயரைப் பர்ஸில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன்.

பெயர் என்றால்... பேனாவால் எழுதிய பெயர். விரல் நீளத் துண்டுக் காகிதம். ஸ்டேப்ளர் பின்னோடு கிழித்து எடுத்தது. திருடினேனா, காப்பாற்றினேனா? இதை எழுதுகிற நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொன்னாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெயர்களோடு எனக்கு இப்போது கொஞ்சம் தகராறு.

அங்கே பாதுகாப்பு வாரம். இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். பேனர் கட்டுவார்கள், கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள், வினாடி வினா, கோலப் போட்டி, கவிதைப் போட்டி. அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். தம்பி எனக்குப் போன் செய்தார்.

"மேடம், எங்க அம்மா வாரப் புத்தகத்தைப் பிரிச்சதும் நீங்க எழுதுற பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. கவிதைப் போட்டிக்கு நீங்கதான் ஜட்ஜ். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஸ்ரீபெரும்புதூரில் யூனிபார்ம் ஆல்டர் செய்கிற கடை வைத்திருக்கிறேன். பேன்ட்டை இரண்டு இஞ்ச் குறைக்கச் சொன்னால் குறைப்பேன். கவிதையை எப்படி அளப்பது? எந்த டேப்பை வைத்து? மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி தம்பி" என்று வந்துவிட்டது. பயந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. மறுப்பதற்கும் பயம்.

மறுநாள் ஒரு கட்டுப் பேப்பர் வந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதியவரின் பெயர், டோக்கன் நம்பர், லைன் எல்லாம் எழுதி, மடித்து, பின் அடித்திருந்தார்கள். நடுவர் பிரிக்கக் கூடாது. முடிவை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும், மேடையில்தான் திறப்பார்கள். அவ்வளவு ரகசியம்.

மத்தியானம் கடையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். 'ஷூவைப் போடு, சுகமாய் ஓடு' என்று ஒன்று. 'கிளவுஸ் அணிந்தால் கவலை இல்லை, கண்ணாடி அணிந்தால் தொல்லை இல்லை' என்று ஒன்று. பிளான்ட் ஹெட்டைச் சூரியனோடு ஒப்பிட்டு நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் சந்திரனையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் போட்டேன். பாவம், வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே.

அப்புறம் இது வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாள். தலைப்பு இல்லை.

*இரண்டு கை கேட்கிறது இயந்திரம்.*
*இரண்டையும் கொடுத்தால்தான் இறங்கும்.*
*செய்தவன் அப்படித்தான் செய்தான்.*
*என் கை மேல் அவனுக்கு அக்கறை.*

*ஒரு பட்டனுக்கு இப்போது பச்சை டேப்.*
*ஒரு கை போதும் என்கிறார்கள்.*
*சும்மா இருக்கும் இன்னொரு கை*
*எங்கே போகட்டும்?*

*உள்ளே போகிறது, வெளியே வருகிறது.*
*உள்ளே போகிறது, வெளியே வருகிறது.*
*இன்றைக்கு வந்துவிட்டது.*
*அதைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.*

கடைசி வரியில் என் கையைப் பார்த்துக்கொண்டேன். நிஜமாகவே... விரல்களை எண்ணினேன்.

பிரஸ் மிஷின் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே இருந்து இரும்பு இறங்கித் தகட்டை அடிக்கும். இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். அழுத்துகிற நேரத்தில் இரண்டு கையும் வெளியே பத்திரமாக இருக்கும். ஒரு பட்டனை அழுத்தி டேப் போட்டு ஒட்டிவிட்டால்? ஒரு கையால் ஓட்டலாம். இன்னொரு கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். வேகம். பீஸ் கூடும். கணக்குப் போர்டில் நம்பர் ஏறும்.

எனக்கு எப்படித் தெரியும்?

நானும் ஒட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஓட்டினேன். அங்கே டேப் கூடக் கிடையாது, பழைய துணியால் கட்டுவோம். பக்கத்து மிஷினில் இருந்த பெண்ணுக்கு ஒருநாள் இரண்டு விரல் நுனி போனது. 'கவனக்குறைவு' என்று எழுதி ஒரு காகிதம் வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை.

அதனால்தானோ என்னவோ, பிரிக்கக் கூடாததைப் பிரித்தேன். பின்னை ஊசியால் நெம்பினேன். 'செல்வராணி, லைன் மூன்று, ஒப்பந்தம்.'

ஒப்பந்தம் என்ற சொல்லில்தான் கண் நின்றது. பெர்மனன்ட் ஆளை வெளியே அனுப்ப வேண்டுமானால் மெமோ, விசாரணை என்று எவ்வளவோ உண்டு. ஒப்பந்த ஆளுக்கு ஒரு போன் போதும். நாளையிலிருந்து வரவேண்டாம்மா.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் காட்டினேன். படித்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி படித்தார்.

"இன்னாமே இது? கவிதையா, கம்ப்ளைன்டா?"

"அதான் எனக்கும் தெரியலை."

"பரிசு குடுத்தின்னா மைக்குல படிப்பானுங்க. பொண்ணு வேல காலி. குடுக்கலன்னா ஒருத்தன் படிக்கமாட்டான். டேப்பு அப்பிடியே கீது."

"அப்ப என்ன பண்றது?"

"என்னக் கேட்டா? ஜட்ஜி நீ தானே." சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். இவரிடம் யோசனை கேட்பதே தப்பு. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடிவதில்லை.

அன்றைக்குத் தூக்கம் இல்லை. பரிசு கொடுக்காவிட்டால் ஒரு கை போகலாம். கொடுத்தால் ஒரு வேலை போகலாம். இரண்டும் ஒரே பெண்ணுடையதாகவே இருக்கலாம். விடிகிற நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கவிதைக்கு முதல் பரிசு. பெயரை மட்டும் கிழித்துவிடுவது. கவிதை மேடை ஏறும், பெண் பத்திரமாக இருப்பாள். எவ்வளவு சுலபம்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு கிழித்துப் பர்ஸில் போட்டேன். முடிவை உறையில் வைத்து ஒட்டினேன்.

பயந்தவர்களின் புத்திசாலித்தனத்தில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும். அது மேடையில்தான் தெரியும்.

மறுநாள் விழா, கேன்டீனுக்குப் பக்கத்து ஷெட்டில். முதல் ஷிப்ட் முடிந்து, இரண்டாவது ஷிப்ட் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். எனக்கு ஒரு சால்வை. முன்னால் ஒரே யூனிபார்மில் நூற்றுக்கணக்கான பேர். இதில் யார் செல்வராணி? எல்லாப் பெண்களும் அவளாகவே தெரிந்தார்கள்.

பிளான்ட் ஹெட் உறையைப் பிரித்தார். முதல் தாளை எடுத்து ஹெச்.ஆர். தம்பியிடம் கொடுத்தார். தம்பி அடியில் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன்.

"மேடம், பேரு இல்லையே?" மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"வரும்போதே இல்லை தம்பி." மேடையில் உட்கார்ந்து சால்வையோடு சொன்ன பொய்.

"பரவால்ல. நீங்க படிங்க. எழுதினவங்க தானா எழுந்து வந்துடுவாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரிசு என்று இருந்தால் வாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? பெயர் இருந்திருந்தால் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது அத்தனை பேர் நடுவில், 'நான்தான்' என்று அவளே எழுந்து நின்றாக வேண்டும். ஒளித்து வைக்கிறேன் என்று நினைத்து, வெளிச்சத்தில் தள்ளிவிட்டேனே.

இரண்டாம் பரிசுத் தாளை மாற்றிப் படித்துவிடலாமா? ஒரு நிமிடம் நினைத்தேன். அதுதான் என் பழக்கம். ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது. வாய் அதுபாட்டுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டது.

முதல் இரண்டு வரிக்குப் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பச்சை டேப்' என்றதும் பேச்சு நின்றது. 'உள்ளே போகிறது, வெளியே வருகிறது' என்று இரண்டாவது தடவை படிக்கும்போது, முன்வரிசையில் ஒரு பெண் கையை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். நான் கவிதையைப் பற்றி என்ன கண்டேன்? ஆனால் அத்தனை பேர் தங்கள் கையை ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன்.

படித்து முடித்தேன். கைதட்டல் இல்லை.

ஹெச்.ஆர். தம்பி இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார். அத்தனை பேப்பரையும் படிக்க நேரம் இல்லாமல்தானே என்னைக் கூப்பிட்டார். "ரொம்ப டச்சிங். எழுதினவங்க யாரு? வாங்க, மேடைக்கு வாங்க."

ஒருவரும் அசையவில்லை.

"கூச்சப்படாதீங்க. யாரு?"

பிளான்ட் ஹெட் முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

கடைசி வரிசைக்கு முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். லைன் லீடர் போடுகிற நீலத் தொப்பி.

"யாரு, ஏழுமலையா? நீங்களா எழுதினது?"

"நான் எயுதல சார். எனக்கு அவ்ளோ வராது." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "டேப்பு ஒட்னது நானு."

எங்கேயோ ஒரு சிரிப்புக் கிளம்பி உடனே நின்றது.

பிளான்ட் ஹெட் மைக்கை வாங்கினார். "யார் சொல்லி ஒட்டினீங்க?"

"டெய்லி போர்டுல டார்கெட்டு ஏத்தி ஏத்தி எயுதறாங்க சார். டேப்ப ஒட்னது என் கை. நம்பர எயுதுன கை யாருதுன்னு நான் கேக்கல. அந்தப் பொண்ணுங்கள்ல ஒண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா, நான்தான் வண்டில தூக்கிப் போட்டுக்கினு போவணும். அம்மா படிச்சப்போ அத்த நெனச்சிட்டேன். எயுந்துட்டேன். உக்காரட்டுமா சார்?"

உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்துகொண்டார்.

பிளான்ட் ஹெட் என்னிடம் இருந்த தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டு, "இப்பவே போய்ப் பாருங்க" என்றார். அவர் ஓடினார். பிறகு... இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு. சூரியன் கவிதைக்குக் கைதட்டல். முதல் பரிசு ஹாட்பேக் கேட்க ஆளில்லாமல் மேஜையிலேயே இருந்தது.

கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்காக நின்றேன். ஒரு சின்ன உருவம் வேகமாக வந்தது. ஒடிசலான பெண். யூனிபார்ம் தோளில் இறங்கித் தொங்கியது. ஒரு இஞ்ச் பிடிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் தொழில் அப்படி.

"நீங்கதான அக்கா ஜட்ஜு?"

"ஆமாம்மா."

"எம் பேரு எங்க?"

தெற்கத்திப் பேச்சு. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, தண்டலம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள் என்று பிறகு சொன்னாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது கோபம் மட்டும்தான்.

"பேரு எழுதித்தான் குடுத்தேன். பின்னு அடிச்சதும் நாந்தான். அது தானா விழாது."

"உன் நல்லதுக்குத்தான் கிழிச்சேன்மா. கான்ட்ராக்ட்னு போட்டிருந்தது... வேலை போயிடுமேன்னு..."

"அத நான் யோசிக்காமலா எழுதுனேன்? கவிதைய எழுத பத்து நிமிசம் ஆச்சு. பேரு போடவா வேண்டாமான்னு மூணு நாளு யோசிச்சேன். நீங்க ஒரு நிமிசத்துல கிழிச்சிட்டிய."

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "அப்ப யாருன்னு கேட்டப்ப ஏன்மா எழுந்திருக்கலை?"

அவள் தலையைக் குனிந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சிருப்பேன் க்கா. செல்வராணின்னு சொன்னா கால் தானா எந்திரிச்சிரும். யாருன்னு பொதுவா கேட்டா... எந்திரிக்க முடியல. அதுக்குள்ள ஏழுமல அண்ணன் எந்திரிச்சிட்டாரு. அவரு பேர நான் எழுதவே இல்ல. இப்ப நான் அவரப் போட்டுக்குடுத்த மாதிரில்லா ஆயிட்டு."

பர்ஸைத் திறந்து துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். நன்றி எல்லாம் இல்லை. திரும்பிக் கேட்டுக்குள் நடந்தாள்.

இரவு எட்டு மணிக்கு ஹெச்.ஆர். தம்பி போன் செய்தார்.

"மேடம், பேரு வரும்போதே இல்லைன்னீங்க. அந்தப் பொண்ணு கொண்டு வந்து குடுத்துச்சு. பின்னு குத்தின ஓட்டை சரியாப் பொருந்துது. ஹாட்பேக்கைக் குடுத்துட்டோம் மேடம்." அவ்வளவுதான் சொன்னார். திட்டினாரா, சிரித்தாரா? குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆல்டர் வேலையில் இரண்டு பேன்ட்டைக் குட்டையாக வெட்டிவிட்டேன், அவ்வளவு யோசனை.

நான் பெயரைக் கிழிக்காமல் இருந்திருந்தால் செல்வராணி மேடைக்கு வந்திருப்பாள். ஹாட்பேக்கை வாங்கியிருப்பாள், போட்டோ எடுத்திருப்பார்கள். ஏழுமலை எழுந்திருப்பாரா? எழுதியது யார் என்று தெரிந்த பிறகு எல்லாரும் அவளையே பார்த்திருப்பார்களோ? டேப்பை மறந்திருப்பார்களோ? அப்படியென்றால் நான் கிழித்தது நல்லதா? ஆனால் அவள் மூன்று நாள் யோசித்துச் சேர்த்து வைத்த தைரியத்தை நான் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டேனே, அது? என் பயத்தை அவளுடைய பயம் என்று நினைத்துக்கொண்டேனோ?

இன்னொன்றும் குழப்புகிறது. கவிதை தைரியம் கொடுக்கும் என்கிறார்கள். யாருக்குக் கொடுக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எழுதியவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிகூட எழுத வராதவர் எழுந்து நின்றார். படித்தவள்... படித்தவளுக்கு என்ன கிடைத்தது? சாட்சிக் கையெழுத்துப் போட்ட கதையை முதல்தடவையாக உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதுதான் எனக்குக் கிடைத்ததோ என்னவோ.

கேட்பீர்கள் என்று தெரியும். டேப் போய்விட்டது. இனி ஒட்ட முடியாதபடி பட்டனைச் சுற்றி ஒரு மூடி போட்டிருக்கிறார்களாம். போர்டில் நம்பர் இறங்கியதா என்றால், இல்லை. செல்வராணியை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இதுவரை. இந்த 'இதுவரை' என்ற சொல் இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். கோபம் பாதி குறைந்திருந்தது. கையில் ஒரு முழுத்தாள்.

"ஏழுமல அண்ணனுக்கு மெமோ குடுத்துட்டாங்க க்கா. விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். எங்கிட்ட வந்து, 'நீதான் எயுதறியே, எனக்கும் ஒண்ணு எயுதிக் குடு, உன்னாலதானே வந்துச்சு'ன்னு கேக்காரு."

"திட்டினாரா?"

"சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாரு. டீயும் வாங்கித் தந்தாரு. எழுதிட்டேன். பிழை இருக்கான்னு பாருங்க."

மெமோவுக்கு எழுதும் பதில்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டு, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் பலரும் எழுதுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும். 'ஐயா, மேற்படி சம்பவத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'

செல்வராணி எழுதியிருந்த பதிலின் முதல் வார்த்தை, 'ஆமாம்.'

முழுவதும் படித்தேன். ஏழுமலை படித்தாரா என்று கேட்டேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டாராம். தாளின் அடியில் இருந்தது. பெரிய எழுத்தில், கொஞ்சம் கோணலாக.

ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்.